துணையிழப்பும் தெய்வ ஐயமும்: இரட்டைக் காப்பியங்களில் கண்ணகியின் துயரும் அதன் விளக்கங்களும்

ஆய்வுச் சுருக்கம்

கணவனை இழந்த கண்ணகி, தெய்வம் உண்டா என்று மதுரைத் தெருவில் எழுப்பும் வினா தமிழ்க் காப்பிய மரபில் தனித்து நிற்பது. அவ்வினா இறைமறுப்பா, புலம்பல் மரபின் பகுதியா, அறம் பற்றிய முறையீடா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கண்ணகிக்கு முன்வைக்கப்படும் சமய ஆறுதல்களையும் அவற்றை அவள் எதிர்கொள்ளும் முறையையும் காதை வரிசையில் வைத்து நோக்குகிறது. மதுராபதியின் வினை விளக்கம் சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த பின் வருகிறது. மணிமேகலையிலோ நகர் எரியுமுன் வந்துவிடுகிறது. இந்த இடமாற்றம் துயரையும் நம்பிக்கையையும் பற்றிய இருவேறு நிலைப்பாடுகளைக் காட்டுவதாக இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: கண்ணகி, துணையிழப்பு, தெய்வ ஐயம், ஊழ்வினை, மதுராபதி, சிலப்பதிகாரம், மணிமேகலை.

முன்னுரை

துணையை இழந்தோரின் நிலையைத் தமிழ் இலக்கணம் தொடக்கத்திலேயே பெயரிட்டு வகைப்படுத்தியுள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியல், காஞ்சித்திணையின் துறைகளுள் மனைவியை இழந்த கணவனின் நிலையைத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்த மனைவியின் நிலையைத் தாபத நிலை என்றும் குறிக்கின்றது. நிலையாமையைப் பொருளாகக் கொண்ட திணைக்குள் துணையிழப்பு வைக்கப்பட்டமை கருதத்தக்கது. இழப்பு அங்கே உலகியல்பின் ஒரு கூறாகவே காணப்படுகிறது. அதற்குப் பொறுப்பானவர் யார் என்னும் வினா எழவில்லை.

சங்கப் புறப்பாடல்கள் பெரும்பாலும் இந்நிலையிலேயே நிற்கின்றன. மனைவியை ஈமத்தீயில் இழந்த சேரமான் மாக்கோதை (புறம். 245), இத்துணைத் துயருக்குப் பின்னும் தன் உயிர் போகவில்லையே என்று தன்னையே வினவுகிறான். கணவனை இழந்த ஒருத்தி குயவனை நோக்கித் தாழியைத் தனக்கும் சேர்த்துப் பெரிதாக வனையுமாறு வேண்டுகிறாள் (புறம். 256). இவ்விரண்டிலும் கடவுள் வரவில்லை. ஓர் இல்லத்தில் சாப்பறையும் மற்றோர் இல்லத்தில் மணமுழவும் ஒருங்கே ஒலிப்பதைக் கண்டு, இவ்வாறு படைத்தவன் பண்பற்றவன் எனக் கூறும் பக்குடுக்கை நன்கணியார் (புறம். 194) விதிவிலக்காக அமைகிறார். எனினும் அவர் பிறர் துயரைக் கண்டு பேசுபவர். துயருற்றவரே தெய்வத்தை நேர்நின்று வினவும் நிலையைச் சிலப்பதிகாரத்தில்தான் காண்கிறோம்.

கண்ணகியைக் கற்புத்தெய்வமாகவும் நீதி கேட்டவளாகவும் காணும் ஆய்வுகள் பல. துணையை இழந்து, நம்பிக்கையோடு போராடும் ஒருத்தியாக அவளைக் காணும்போது காப்பியத்தின் வேறொரு முகம் புலப்படுகிறது.

இழப்புக்கு முன்: தேவந்தியின் அறிவுரை

இறைவழிபாட்டைப் பற்றிய கண்ணகியின் மனநிலையைக் காப்பியம் கோவலன் இறப்பதற்கு நெடுமுன்னரே காட்டிவிடுகிறது. கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தோழி தேவந்தியிடம் கூறுகிறாள். முற்பிறப்பில் கணவன்பொருட்டுச் செய்யவேண்டிய நோன்பு ஒன்று தவறியதே இத்துன்பத்துக்குக் காரணம் என்கிறாள் தேவந்தி. காவிரி கடலொடு கலக்குமிடத்தில் உள்ள சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் இரு பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனொடு கூடி வாழலாம் என்றும் வழி கூறுகிறாள். அது தமக்குப் பெருமை தருவதன்று என்பதே கண்ணகியின் மறுமொழி.

இம்மறுமொழியைக் கணவனையன்றிப் பிற தெய்வம் தொழாத கற்பின் உறுதி எனக் கொள்வது பெருவழக்கு. அவ்விளக்கம் பொருந்துவதே. அதனோடு மற்றொன்றையும் கருதவேண்டும். தேவந்தியின் அறிவுரையில் இரு கூறுகள் உள்ளன: துன்பத்துக்குப் பாதிக்கப்பட்டவளின் பழைய பிழையே காரணம் என்னும் விளக்கம், வழிபாட்டைச் செலுத்தி வேண்டியதைப் பெறலாம் என்னும் தீர்வு. கண்ணகி தீர்வை மறுக்கிறாள். விளக்கத்துக்கு விடையே கூறவில்லை. இவ்விரு கூறுகளும் கோவலன் இறந்தபின் வேறு வடிவில் மீண்டும் அவள்முன் வருகின்றன.

துன்பமாலை: அறத்தை நோக்கிய முறையீடு

கோவலன் கொலையுண்ட செய்தியைக் கேட்ட கண்ணகி, துன்பமாலையில் முதலில் தன்முன் உள்ள வழக்கமான வழியை எண்ணிப் பார்க்கிறாள். கணவனை இழந்த மகளிர் பல துறைகளில் நீராடி, உடலை வருத்தும் நோன்புகளை மேற்கொண்டு வாழ்நாளைக் கழிப்பர். அரசன் தவறு செய்திருக்க, தானும் அவர்களைப்போல் அழிந்துபோவதா என வினவுகிறாள். முன்னர்ப் பொய்கை நீராடலை மறுத்தவள் இப்போது கைம்மை நீராடலை மறுக்கிறாள். சடங்கு துயரை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவரும்; ஆயினும் நிகழ்ந்த தவற்றைப் பற்றி அது யாதும் பேசாது. கண்ணகியின் மறுப்புக்கு அடிப்படை இதுவே.

இவ்விடத்தில் அவள் அறத்தையே விளித்து, அதனை அறிவற்ற பேதை என்கிறாள். அறக்கடவுளைப் பழித்தல் என்னும் நிலையில் இது கடுமையானது. எனினும் பழித்தலுக்கு உரியதாக ஒன்று இருத்தல் வேண்டும். இல்லாத ஒன்றை எவரும் பேதை என்று ஏசுவதில்லை. அறம் இருக்கிறது, ஆனால் தன் கடமையைச் செய்யவில்லை என்பதே இப்பழிப்பின் உட்பொருள்.

தொடர்ந்து கதிரவனை நோக்கித் தன் கணவன் கள்வனா எனக் கேட்கிறாள். அவன் கள்வன் அல்லன், இவ்வூரை நெருப்பு உண்ணும் என ஒரு குரல் விடை தருகிறது. கண்ணகிக்குத் தெய்வம் மறுமொழி தராமல் இல்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. மறுமொழி வருகிறது, அது உண்மையாகவும் இருக்கிறது. ஆயினும் கோவலனின் பழி நீங்கினாலும் அவன் உயிர் மீளவில்லை. தெய்வத்தின் மௌனத்தால் பிறக்கும் ஐயத்தினும், தெய்வம் பேசியும் தீராத துயரால் பிறக்கும் ஐயம் ஆழமானது. ஊர்சூழ் வரியின் வினா இப்பின்னணியில்தான் எழுகிறது.

ஊர்சூழ் வரி: மூன்று வினாக்கள்

சிலம்பைக் கையிலேந்தி மதுரைத் தெருக்களில் செல்லும் கண்ணகி, கோவலன் உடலைக் கண்டபின் மூன்று வினாக்களை அடுக்குகிறாள். இவ்வூரில் பெண்டிர் உளரா, சான்றோர் உளரா, தெய்வம் உளதா என்பன அவை. மூன்றாம் வினாவை மட்டும் தனியே எடுத்து அதனை இறைமறுப்பாகக் காட்டுவதும், முழுவதையும் புலம்பலின் மரபுவழிப்பட்ட அடுக்கு எனக் கொண்டு கடந்துசெல்வதும் உண்டு. இரண்டும் வினாக்களின் அமைப்பை நோக்கத் தவறுகின்றன.

முதல் இரு வினாக்களுக்கும் விடை வெளிப்படை. மதுரையில் பெண்டிர் உளர். அவளைச் சூழ்ந்து நின்று வருந்துவோரே அவர்கள்தாம். சான்றோரும் உளர். அவர்கள் இருப்பது கண்ணகிக்குத் தெரியாததன்று. ஒருத்தியின் கணவன் குற்றமின்றிக் கொல்லப்படும்போது தடுக்காத பெண்டிரும் சான்றோரும் அப்பெயருக்கு உரியரா என்பதே அவள் கேட்பது. அதே வரிசையில், அதே தொடரமைப்பில் நிற்கும் மூன்றாம் வினாவையும் அவ்வாறே கொள்ளுதல் வேண்டும். அது தெய்வத்தின் இருப்பை வினவவில்லை. தெய்வம் என்னும் பெயருக்கு உரிய செயல் அவ்வூரில் நிகழ்ந்ததா என்று வினவுகிறது. மனிதருக்கும் தெய்வத்துக்கும் ஒரே அளவுகோலை அவள் வைக்கிறாள்.

இதனையடுத்து நிகழ்வது காப்பியத்தின் மிக நுட்பமான இடம். வெட்டுண்டு கிடந்த கோவலன் எழுந்து, அவள் முகம் வாடியதற்கு வருந்தி, கண்ணீரைத் தன் கையால் துடைக்கிறான். அவள் அவன் அடிகளைப் பற்றித் தொழ, அவளை இங்கே இருக்குமாறு கூறிவிட்டு வானவர் சூழ மேலுலகம் செல்கிறான். தெய்வம் உண்டா என்னும் வினாவுக்கு இதனினும் நேரிய விடை இருக்கமுடியாது. சமயக் கதைகள் பலவற்றில் ஐயம் இவ்விடத்தில் முடிந்துவிடும்.

கண்ணகியின் ஐயம் முடியவில்லை, கூடுகிறது. தான் கண்டது மாயமோ, தன்னை மயக்கியது ஏதேனும் தெய்வமோ என எண்ணுகிறாள். இனி எங்குச் சென்று அவனைத் தேடுவேன் என்று கலங்குகிறாள். பின்னர், தன் சினம் தணிந்தாலன்றிக் கணவனைச் சேரமாட்டேன், அரசனைக் கண்டு இதனைக் கேட்பேன் எனத் துணிந்து, முன்கண்ட தீக்கனவை நினைக்கிறாள். அற்புதத்தை அவள் பொய் எனத் தள்ளவில்லை. போதுமான விடையாக ஏற்கவும் இல்லை. கண்ணீரைத் துடைத்தல் ஆறுதல். பழியைத் துடைத்தலோ அறம். முன்னதைப் பெற்றுக்கொண்டு பின்னதைக் கைவிட அவள் உடன்படவில்லை.

மதுராபதி: பின்னால் வரும் விளக்கம்

வழக்குரை காதையில் நீதி வெளிப்பட்டுப் பாண்டியன் உயிர் துறக்கிறான். வஞ்சினமாலையில் தோன்றும் தீக்கடவுள், இந்நகரை எரிக்கத் தனக்கு முன்னரே ஏவல் உண்டு எனக் கூறி, யாரை விலக்குவது என்று கண்ணகியையே கேட்கிறான். தெய்வத்தை வினவியவளிடம் தெய்வம் வினவி நிற்கிறது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விலக்கித் தீயோரைச் சேருமாறு அவள் பணிக்கிறாள்.

மதுரை எரிந்து, அதன் வெம்மையைப் பொறுக்க இயலாத நிலையிலேயே நகரின் காவல் தெய்வமாகிய மதுராபதி வருகிறாள். கண்ணகியின் முன் நிற்க அஞ்சிப் பின்புறமாகத் தோன்றுகிறாள். தன் பெருந்துயரை நீ அறிவாயோ என்பது கண்ணகி அவளிடம் கேட்கும் முதன்மையான வினா. விளக்கம் சொல்ல வருவோர் துயரை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் நியதியை இவ்வினா நிறுவுகிறது. அறிவேன் என்ற பின்னரே மதுராபதி தன் உரையைத் தொடர்கிறாள்.

முற்பிறப்பில் கோவலன், கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அரசபணி செய்த பரதன். வணிகம் செய்ய வந்த சங்கமனை ஒற்றன் எனப் பழிசுமத்திக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி, அரசநீதி இதுவோ எனத் தெருவில் அரற்றித் திரிந்து, பதினான்காம் நாள் மலைமேல் ஏறி, தமக்குத் துயர் செய்தோர் அதே துயரை அடைக எனச் சபித்து உயிர்விட்டாள். அச்சாபமே கோவலன் கொலைக்குக் காரணம் என்கிறது மதுராபதியின் உரை.

பதிகம் கூறும் மூன்று உண்மைகளுள் ஊழ்வினை தவறாது வந்து பயன் ஊட்டும் என்பதற்கு இதுவே சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் இவ்விளக்கத்தின் உள்ளடக்கத்தை நோக்குதல் வேண்டும். கண்ணகியின் இழப்புக்குக் காரணமாகக் காட்டப்படுவது, துணையை இழந்த மற்றொருத்தியின் துயரே. நீலியும் தெருவில் நின்று நீதி கேட்டவள். அவளுக்கு வழக்குரைக்க அரசவை கிட்டவில்லை. ஆக, வினை விளக்கம் கண்ணகியின் வினாவை அடைக்கவில்லை. அதே வினாவை ஒரு பிறவிக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்துகிறது. தேவந்தி கண்ணகியின் பிழையைக் காரணமாகக் கூறினாள். மதுராபதியோ கோவலனின் பிழையைக் கூறுகிறாள். இழந்தவள்மீது சுமத்தப்பட்ட குற்றம் இங்கு நீங்கிவிடுகிறது என்பதும் குறிக்கத்தக்கது.

இவ்வுரையைக் கேட்ட கண்ணகி ஆறுதல் பெற்றாளா என்பதற்குக் கட்டுரை காதையே விடை தருகிறது. பதினான்கு நாள் கழித்துக் கணவனை வானவர் வடிவிலன்றி மானிட வடிவில் காணமாட்டாய் எனத் தெய்வம் கூறியபின், தீ விடுதலை பெறுகிறது. கண்ணகியோ கணவனைக் காணும்வரை இருக்கவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்கிறாள். கொற்றவை கோயில் வாயிலில் தன் பொன்வளையை உடைக்கிறாள். கீழைவாயிலில் கணவனொடு நுழைந்தவள் மேலைவாயிலில் தனியளாய் வெளியேறுகிறேன் எனச் சொல்லி, இரவென்றும் பகலென்றும் அறியாமல், மேடும் பள்ளமும் உணராமல் வையைக்கரை வழியே நடக்கிறாள். கைம்மையின் அடையாளமாகிய வளையுடைத்தல், வினை விளக்கத்துக்குப் பின் வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. காரணம் தெரிந்தபின்னும் துயர் தன் வழியே செல்கிறது என்பதை இளங்கோவடிகள் விளக்கவுரையின்றி நிகழ்ச்சி வரிசையால் காட்டிவிடுகிறார்.

ஏனையோரின் வழிகள்

நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறும் செய்திகள் இதற்கு ஒப்புமையாகின்றன. கோவலன் தந்தை தன் பொருளைத் தானம் செய்து பௌத்தத் துறவு பூண்டான். கண்ணகியின் தந்தை ஆசீவகர் அறத்தை மேற்கொண்டான். தாயர் இருவரும் துயரால் உயிர் நீத்தனர். கவுந்தியடிகள் உண்ணாநோன்பால் உயிர் துறந்தார், மாதரி தீப்புகுந்தாள். கோவலனைத் துணையாகக் கொண்டிருந்த மாதவி பௌத்த அறத்தைச் சார்ந்தாள்; அறவண அடிகளிடம் அவள் நான்கு வாய்மைகளைக் கேட்டமையை மணிமேகலையின் ஊரலர் உரைத்த காதை கூறுகிறது.

ஒரே இழப்பு ஒருவரைப் பௌத்தத்துக்கும் மற்றொருவரை ஆசீவகத்துக்கும் இட்டுச்செல்கிறது; சிலரை எச்சமயமும் தாங்கவில்லை. இவற்றுள் எதனையும் உயர்ந்ததென்றோ தாழ்ந்ததென்றோ சிலப்பதிகாரம் தீர்ப்புரைக்கவில்லை. மாதவியின் துயர் ஒரு கோட்பாட்டில் அடங்கி அமைதி காண்கிறது. கண்ணகியின் துயர் எக்கோட்பாட்டிலும் அடங்கவில்லை. இரண்டையும் ஒருசேர ஏற்கும் இடம் அக்காப்பியத்தில் இருக்கிறது.

மணிமேகலையின் மறுவாசிப்பு

மணிமேகலை இந்நிலையில் வேறுபடுகிறது. வஞ்சிமாநகர் புக்க காதையில், கண்ணகி கோட்டத்தில் தொழுது நிற்கும் மணிமேகலையிடம் தெய்வமாகிய கண்ணகியே பேசுகிறாள். மதுராபதி தோன்றி, இஃது உங்கள் முன்வினையின் பயன் எனச் சங்கமன், நீலி வரலாற்றை உரைத்தாள் என்றும், அம்மெய்யுரையைக் கேட்ட பின்னும் தான் சினங்கொண்டு நகரை அழித்தாள் என்றும் கூறுகிறாள். நல்வினையால் இப்போது வானுலகில் இருப்பினும், அது முடிந்தபின் அச்சினத்தின் பாவம் தன்னைத் தவறாது வந்தடையும் என்றும், பிறவிகள் பல கழிந்து புத்தன் தோன்றும் காலத்தில் அவன் அறம் கேட்டே விடுதலை கிட்டும் என்றும் உரைக்கிறாள்.

நிகழ்ச்சிகள் அவையே; வரிசை மாறிவிட்டது. சிலப்பதிகாரத்தில் எரிந்துகொண்டிருக்கும் நகரில் விளக்கம் வருகிறது. மணிமேகலையில் விளக்கத்துக்குப் பின் நகர் எரிகிறது. முன்னதில் கண்ணகியின் சினம், காரணம் கூறப்படாத நிலையில் நீதி வேண்டி எழுந்தது. பின்னதில் அது காரணம் அறிந்தும் அடங்காத குற்றமாகிறது. துயருற்றவரிடம் தெளிவான விளக்கம் சொல்லப்பட்டுவிட்டால் அதன்பின் துயரும் சினமும் தொடர்வது பிழை என்னும் கொள்கை, இந்த வரிசை மாற்றத்தில் உறைந்துள்ளது.

சிலப்பதிகாரப் பதிகம், வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் மதுராபதியின் உரையைக் கேட்டவராகச் சாத்தனாரையே குறிப்பிடுகிறது. பதிகத்தின் காலமும் சாத்தனாரின் அடையாளமும் கருத்து வேறுபாட்டுக்கு உரியன. எனினும் இரட்டைக் காப்பிய மரபு, வினை விளக்கத்தின் செவிச்சான்றாகச் சாத்தனாரைக் கொண்டமையும், அவர் பெயரால் வழங்கும் காப்பியத்தில் அவ்விளக்கம் முன்னே நகர்ந்தமையும் ஒருங்கே எண்ணத்தக்கன.

சாத்தனார் பக்கத்து நியாயத்தையும் மறுப்பதற்கில்லை. எரிந்த நகரில் குற்றமற்றோரும் உளர். தன்னைத் தீத்தொழில் செய்தவள் என வேங்கைமரத்து நிழலில் கண்ணகியே நொந்துகொள்ளும் குறிப்பு சிலப்பதிகாரத்திலேயே உள்ளது. அக்குறிப்பைச் சாத்தனார் விரித்தார் எனலாம். ஆனால் இளங்கோவடிகளிடம் அது துயருற்றவளின் உள்ளத்தில் தானே எழும் குற்றவுணர்வு. சாத்தனாரிடம் அது கோட்பாட்டின் தீர்ப்பு.

இதே காப்பியத்தின் ஆதிரை வரலாறும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். கடலில் கணவன் சாதுவன் இறந்தான் எனக் கேட்டுத் தீப்புகுந்த ஆதிரையை நெருப்புத் தீண்டவில்லை. அதனை அருளெனக் கொள்ளாமல், தீயும் தன்னைக் கொல்ல மறுக்கும் அளவுக்குத் தான் தீவினையுடையவள் என அவள் அழுகிறாள். கணவன் உயிரோடு இருக்கிறான் என்னும் வான்குரல் கேட்டபின்னரே தெளிகிறாள். ஆதிரையும் கண்ணகியைப்போல் அற்புதத்தை ஐயுறுகிறாள். ஆனால் கண்ணகியின் ஐயம் தெய்வத்தின்மேல் செல்கிறது. ஆதிரையின் ஐயம் தன்மேலேயே திரும்புகிறது.

வழிபாட்டில் தொடரும் விடை

வஞ்சிக் காண்டத்தின் இறுதியில் ஐயுற்றவளே தெய்வமாகிறாள். வாழ்த்துக் காதையில் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன், தான் அவன் மகள் என்கிறாள். இம்மன்னிப்பு நீதி நிலைபெற்ற பின்னரே வருகிறது. வரந்தரு காதையில் அவள் கோட்டத்தில் பூசை செய்யச் செங்குட்டுவன் பணிப்பது தேவந்தியை. வழிபாட்டால் துயர் தீர்க்கலாம் எனக் கூறியவள், அவ்வழிபாட்டை மறுத்தவளுக்கே வழிபாடு நிகழ்த்துகிறாள்.

இலங்கையின் கிழக்குக் கரையில் இன்றும் வழங்கும் கண்ணகை அம்மன் வழிபாடு இவ்விரு காப்பிய நிலைப்பாடுகளுக்கும் புறம்பான மூன்றாவது விடையைக் காட்டுகிறது. வைகாசித் திங்களில் கண்ணகி வழக்குரை பாடப்பெற்று, சடங்கு திருக்குளிர்த்தியில் நிறைவுறுகிறது. அங்கே அவளது சினம் பாவமெனப் பழிக்கப்படுவதில்லை. வினையென விளக்கப்படுவதும் இல்லை. அவள் வழக்கு முழுமையாகக் கேட்கப்படுகிறது. பின்னர் அவள் குளிர்விக்கப்படுகிறாள்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. கண்ணகியின் தெய்வ வினா இறைமறுப்பன்று. வெறும் புலம்பல் மரபும் அன்று. மனிதருக்கும் தெய்வத்துக்கும் ஒரே அறக்கடமையை வைக்கும் முறையீடு அது.

2. நோன்பு, அற்புதம், வினை விளக்கம் என்னும் மூவகை ஆறுதல்களும் அவளுக்குக் கிட்டுகின்றன. முதலாவதை மறுக்கிறாள், இரண்டாவதை ஐயுறுகிறாள், மூன்றாவதைக் கேட்டும் துயர் நீங்காமல் செல்கிறாள். நம்பிக்கையை அவள் முற்றும் துறக்கவில்லை. நீதிக்கு ஈடாக ஆறுதலைப் பெற மறுக்கிறாள்.

3. மதுராபதியின் உரை சிலப்பதிகாரத்தில் எரிக்குப் பின்னும், மணிமேகலையில் எரிக்கு முன்னும் அமைகிறது. துயரின் சினத்தை நீதியாகக் காண்பதற்கும் பாவமாகக் காண்பதற்கும் இடையிலான எல்லை இவ்வரிசையில்தான் உள்ளது.

4. ஊழ்வினை நூலின் முடிந்த பொருளாகப் பதிகத்தில் கூறப்படினும், நூலுள் அது துயருற்றவளைத் தேற்றும் ஆற்றலுடையதாகக் காட்டப்படவில்லை. விளக்கத்தின் உண்மையும் ஆறுதலின் ஆற்றலும் வெவ்வேறு என்னும் தெளிவு, துணையிழப்பைப் பாடிய தமிழ் மரபுக்குச் சிலப்பதிகாரம் அளித்த கொடையாகும்.